உயரத்தை எங்கிருந்து அளப்பது?

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், முதலில் பக்கவாட்டில் வளர்ந்த ஊராகும். பருத்திச் சந்தையும், பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகளும், வண்டிப்பேட்டைகளும் பரந்த நிலத்தை நாடியவை. வானத்தை நாடியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் பேபி நிட்டிங் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமே இவ்வூரின் பின்னலாடைத் தொழிலுக்கு வித்து என்பர். அந்நாளில் ஓட்டுக் கூரைக்குக் கீழே சில இயந்திரங்கள் இருந்தால் அது ஒரு பனியன் கம்பெனி.

1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் இங்கு வந்து துணி கேட்கத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறிற்று. ஏற்றுமதி பெருகியது, நிலத்தின் விலை ஏறியது, ஊர் மேல்நோக்கி வளரலாயிற்று. கீழ்த்தளத்தில் கட்டிங், முதல் மாடியில் பவர் டேபிள்களின் வரிசை, அதற்கு மேல் செக்கிங்கும் பேக்கிங்கும், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை என்னும் அமைப்பு திருப்பூர்த் தெருக்களின் பொது அடையாளமாயிற்று. 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்த இவ்வூரில், தொழிலின் வளர்ச்சியை மாடிகளின் எண்ணிக்கையாலேயே கணக்கிட்டுவிடலாம் போலும்!

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. தன் சொந்த நிலத்தில், தன் சொந்தப் பொருளைக் கொண்டு ஒருவன் கட்டும்போது, ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என்று சொல்லும் உரிமை யாருக்கு, எதன் பொருட்டு வந்தது? அனுமதி கேட்டு அலுவலகப் படியேறும் சிறுதொழிலர் பலருக்கு இவ்விதிகள் வெறும் எண்களாகவும், வீண் தொல்லையாகவுமே தோன்றுகின்றன. ஆனால் உயரத்தை அளந்து வரம்பிடும் வழக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான ஏடு நம் முன்னோர் கையால் எழுதப்பட்டதென்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

கட்டிலின் மேல் நின்ற மனிதன்

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638 அளவில், இராக்கில் கூஃபா நகரம் உருவாயிற்று. நாணலால் கட்டிய குடில்கள் தீக்கிரையானதும், செங்கல்லால் வீடு கட்டிக்கொள்ளக் கலீபா உமர் (ரலி) அவர்களிடம் மக்கள் இசைவு கேட்டனர். ஒருவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்டலாகாது, உயரத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடலாகாது என்ற நிபந்தனையோடு இசைவு கிடைத்தது. அந்நகரின் பெருவீதிகளுக்கு 40 முழம், அடுத்தவற்றிற்கு 30, இடைப்பட்டவற்றிற்கு 20, சந்துகளுக்கு 7 முழம் என்று அகலமும் வரையறுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகின்றார். தெருவின் அகலமும் வீட்டின் உயரமும் ஒரே மூச்சில் பேசப்பட்டன என்பதே இங்கு நாம் நோக்க வேண்டியது.

எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் எழுந்தபோது நிகழ்ந்ததோ இன்னும் நுட்பமானது. அங்கே முதன்முதலாக மாடியறை கட்டியவர் காரிஜா பின் ஹுதாஃபா (ரலி) என்னும் நபித்தோழர். அவ்வறையிலிருந்து அண்டை வீட்டாரின் அந்தரங்கம் தெரிகின்றதென்ற செய்தி மதீனாவை எட்டியது. ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கலீபாவிடமிருந்து கடிதம் சென்றது. இத்தகைய வழக்குகளைத் தீர்க்க உமர் (ரலி) அவர்கள் வகுத்ததாக மாலிகி சட்ட நூல்கள் கூறும் அளவுமுறை வியப்பளிப்பது. அறைக்குள் சாளரத்தினருகே ஒரு கட்டிலைப் போடவேண்டும். அதன் மேல் ஒரு மனிதனை நிறுத்தவேண்டும். அவனுக்கு அண்டை வீட்டின் உட்புறம் தெரிந்தால் சாளரம் தடுக்கப்படும், தெரியாவிடில் விட்டுவிடலாம்.

அடிக்கோலும் நூற்கயிறும் இல்லாத அளவை இது. எத்தனை முழம் என்ற கேள்வியே இதில் எழவில்லை. கட்டியவனின் உயரம் அண்டை வீட்டானை எந்த இடத்தில் தீண்டுகின்றதோ, அந்த இடத்தில் வரம்பு நிற்கின்றது. கட்டிலும் மனிதனும் அந்த இடத்தைக் கண்டறியும் கருவிகள் மட்டுமே.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இந்நெறியைப் பள்ளிவாசலுக்கும் விலக்கின்றிப் பொருத்தினர். கி.பி. 854இல் மறைந்த கைரவான் நகரத்து இமாம் ஸஹ்னூன் அவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. மினாராவில் ஏறும் முஅத்தினுக்குச் சுற்றியுள்ள வீடுகளின் முற்றங்கள் தெரிகின்றன என்பது முறையீடு. அவர் அங்கே ஏறுவதைத் தடுக்கலாம் என்று இமாம் தீர்ப்பளித்தார். தொழுகைக்கு அழைக்கும் தூய பணியும் அண்டை வீட்டின் திரையைக் கிழிக்கும் உரிமையைத் தரவில்லை! பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த தலைமைக் கொத்தனார் இப்னுர் ராமி, நீதிபதிகளுக்காகச் சுவர்களையும் சாளரங்களையும் பார்வையிட்டு வந்தவர். இத்தகைய தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு நூலே ஆக்கினார். சட்டம் அறிந்த கொத்தனார் ஒருவர் இருந்தார் என்பதே நமக்கு ஒரு பாடமன்றோ?

ஹனஃபி மரபிலோ உரிமையாளனுக்குக் கூடுதலான இடம் உண்டு. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பெற்ற ‘மஜல்லா’ என்னும் சட்டத்தொகுப்பு, பெருந்தீங்கையும் சிறு இடையூறையும் பிரித்துக் காட்டுகின்றது. ஒருவன் உயர்த்திக் கட்டுவதால் அண்டை வீட்டின் காற்றோ காட்சியோ குறைந்தால் அது பெருந்தீங்கன்று. வெளிச்சம் முற்றாக மறைந்தால் அது பெருந்தீங்கு. பெண்கள் புழங்கும் இடம் வெளிப்பட்டாலும் பெருந்தீங்கே. ஆக, உயரத்தையே குற்றமாகக் கருதியவர்கள் அல்லர் நம் முன்னோர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் (1739–1763) நாகூர் தர்காவிற்கு எழுப்பித் தந்த 131 அடி உயரப் பெரிய மனாரா, இன்றும் அனைவரும் அண்ணாந்து மகிழும் உயரமாக நிற்கின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதிக் காலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சுட்டியதும், வறிய இடையர்கள் உயர்ந்த கட்டடங்களில் போட்டியிடும் நிலையைத்தான். போட்டி என்ற சொல்லைக் கருத்தூன்றிக் காணவேண்டும்.

நெருப்பும் வெளிச்சமும்

மேற்கு நாடுகளில் வரம்பு வேறு வழியே வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சரிந்தும் எரிந்தும் வந்த பண்டைய ரோமாபுரியில், அகஸ்டஸ் பேரரசர் தெருவோரக் கட்டடங்களுக்கு 70 அடி எல்லை விதித்தார். டிராஜன் அதனை 60 அடியாகக் குறைத்தார். லண்டனில் ‘ராணி ஆன் மாளிகை’ என்ற நெடிய குடியிருப்பு எழுந்து பலரின் முகச்சுளிப்பைத் தேடிக்கொண்ட பின்னர், 1894ஆம் ஆண்டுச் சட்டம் 80 அடி என்று வரையறுத்தது. வாஷிங்டன் நகருக்கான 1910ஆம் ஆண்டுச் சட்டமோ, எதிரேயுள்ள தெருவின் அகலத்தோடு 20 அடியைக் கூட்டி வருவதே உயரம் என்றது. கூஃபாவில் கண்ட தெருவும் உயரமும் இங்கே மீண்டும் கைகோத்து வருகின்றன. நியூயார்க்கில் 1915இல் முடிவுற்ற 38 மாடிக் கட்டடம் ஒன்று அண்டைத் தெருக்களை நிழலில் ஆழ்த்திற்று. மறு ஆண்டே அந்நகரம் தன் புகழ்பெற்ற மண்டல விதிகளை இயற்றியது.

தமிழகத்தில் நகரமைப்புச் சட்டம் 1920இல் பிறந்தது. ஆயினும் உயரம் என்பது நெடுநாள் இங்கு ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. சென்னை அண்ணாசாலையில் 1953இல் தொடங்கி 1959இல் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம், 177 அடி உயரத்தில் சில காலம் நாட்டிலேயே உயர்ந்ததாக விளங்கிற்று. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் அதனை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவர். அதே கட்டடத்தில் 1975ஆம் ஆண்டு சூலையில் பெருந்தீ மூண்டபோது, உயரத்தின் மறுபக்கம் ஊராருக்குத் தெரிந்தது.

அதற்குச் சற்று முன்னரே சட்டம் விழித்துக்கொண்டிருந்தது. 1971இல் நகர், ஊரமைப்புச் சட்டமும், 1972இல் மாவட்ட நகராட்சிகளுக்கான கட்டட விதிகளும், 1973இல் பலமாடி மற்றும் பொதுக் கட்டட விதிகளும் வந்தன. இவையனைத்தையும் ஒருங்கிணைத்து 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. இவற்றின்படி 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு மேற்பட்டது ‘உயரமான கட்டடம்’. அத்தகையது எழ வேண்டுமாயின் முன்னுள்ள சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். சாதாரணக் குடியிருப்புகளுக்கு இருந்த 12 மீட்டர் எல்லை, தரைத்தளத்தில் வாகனம் நிறுத்த இடம் விடும் தேவையைக் கருதி 2024இல் 14 மீட்டராக உயர்த்தப்பட்டது.

சாலை அகலம் ஏன் உயரத்தோடு பிணைக்கப்படுகின்றது? தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும்; அதன் ஏணி சாய்ந்து நிற்க இடம் வேண்டும்; எதிர்வீட்டுத் தரைத்தளத்திற்கும் வெயில் இறங்க வேண்டும். ஏணி எட்டாத மாடியில் இருப்பவன் தன் தப்பும் வழியைக் கட்டடத்திற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஆகவேதான் உயரம் கூடக் கூடக் கூடுதல் மாடிப்படிகளும், தண்ணீர்த் தொட்டிகளும், சுற்றிலும் திறந்த வெளியும் கேட்கப்படுகின்றன.

எதிலிருந்து எதுவரை?

உயரத்தை அளப்பதிலும் பல நுணுக்கங்கள் உள்ளன. 1970இல் முதலில் வெளிவந்து 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்ற தேசியக் கட்டடக் கோவை, கட்டடத்தைச் சூழ்ந்த தரையின் சராசரி மட்டத்திலிருந்து அளவைத் தொடங்குகின்றது. தட்டையான கூரையாயின் அதன் உச்சி வரை; சாய்ந்த ஓட்டுக் கூரையாயின் வெளிச்சுவரும் கூரையும் சந்திக்கும் இடம் வரை. குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட தண்ணீர்த் தொட்டி, மாடிப்படியின் தலையறை, மின்தூக்கி அறை, புகைபோக்கி முதலியன கணக்கில் சேரா. மனிதர் வசிக்காத, வேலை செய்யாத உறுப்புகள் அவை என்பதே காரணம். இந்த விலக்குகளின் வழியாகத்தான் பலர் மெல்ல நுழைகின்றனர். தலையறை என்று காட்டிய இடம் நாளடைவில் பண்டகசாலையாகின்றது; மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் இருபது தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. தாளில் உள்ள உயரம் மாறுவதில்லை. மனிதர் நிற்கும் உயரம் மட்டும் மாறிவிடுகின்றது.

இன்னொரு அளவும் உண்டு. திருப்பூர் மாவட்டத்தின் மேற்கே சூலூர் விமானப்படைத் தளமும், அதற்கப்பால் கோவை விமான நிலையமும் உள்ளன. விமானங்களின் பாதுகாப்புக்கென நடுவண் அரசு 2015இல் வெளியிட்ட உயர வரம்பு விதிகள், தளத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை நீள்வன. இங்கே அளவு தெருவிலிருந்து தொடங்குவதில்லை. கடல் மட்டத்திலிருந்து தொடங்குகின்றது. கோவை விமான நிலையத்தின் தரையே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர். திருப்பூரோ ஏறத்தாழ 300 மீட்டர். மேட்டில் நிற்கும் இரண்டு மாடி வீடு, பள்ளத்தில் நிற்கும் ஐந்து மாடியைவிட விமானிக்கு இடையூறாகலாம். பறப்பவனுக்கு வேண்டியது கட்டடத்தின் உயரமன்று, அதன் உச்சி வானத்தில் நிற்குமிடம். வரம்பு யாருக்காக இடப்பட்டதோ அவர் இருக்கும் இடத்திலிருந்தே அளவுகோல் புறப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குறையக் கூடாத உயரம்

திருப்பூர்த் தொழிலில் இதற்கு நேர்மாறான விதியும் உண்டு. சாயப்பட்டறைகளிலும் இஸ்திரிப் பிரிவுகளிலும் நீராவி தரும் பாய்லர்களின் புகைபோக்கிக்குச் சட்டம் விதிப்பது மேல் எல்லையன்று, கீழ் எல்லை. மணிக்கு 2 டன்னுக்கும் குறைவாக நீராவி தரும் சிறு பாய்லராயின், புகைபோக்கி 9 மீட்டர் அல்லது அண்டைக் கட்டடத்தின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு, இவற்றுள் எது மிகுதியோ அந்த அளவு உயர்ந்திருக்க வேண்டும்.

இதனைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்தில் மூன்றரை மீட்டர் உயர ஓட்டு வீடு இருக்குமாயின் 9 மீட்டர்ப் புகைபோக்கி போதும். அந்த ஓட்டு வீடு இடிக்கப்பட்டு 8 மீட்டர் உயர மாடியாக எழுமாயின், அதே பாய்லருக்கு 20 மீட்டர் வேண்டும். பாய்லரில் மாற்றமில்லை, விறகில் மாற்றமில்லை. ஆயினும் நேற்றுவரை சட்டத்திற்குட்பட்ட புகைபோக்கி இன்று அண்டை வீட்டு மாடிச் சாளரத்தில் மூச்சுவிடுகின்றது.

ஜெனரேட்டர்களுக்கும் இவ்வாறே. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டின்போது பனியன் கம்பெனிகளை ஓடவைத்தவை டீசல் ஜெனரேட்டர்களே. அவற்றின் புகைக்குழாய், அவை இருக்கும் கட்டடத்தின் உச்சிக்கு மேலும் உயர்ந்திருக்க வேண்டும், இயந்திரத்தின் கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீட்டரே அந்தக் கூடுதல் உயரம். 100 கே.வி.ஏ. இயந்திரத்திற்குக் கூரைக்கு மேல் 2 மீட்டர், 400 கே.வி.ஏ. இயந்திரத்திற்கு 4 மீட்டர். மேலே ஒரு தளம் ஏற்றியவன் குழாயையும் ஏற்ற மறந்தால், புகை அவனுடைய தொழிலாளியின் நெஞ்சுக்கே திரும்புகின்றது.

கட்டடத்திற்கு ‘இதற்கு மேல் போகாதே’ என்றும், புகைபோக்கிக்கு ‘இதற்குக் கீழ் நில்லாதே’ என்றும் சொல்லும் இரு விதிகளும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். இரண்டின் வேரும் ஒன்றே. ஃபுஸ்தாத்தில் கட்டிலின் மேல் ஏறி நின்ற மனிதனின் கண் அன்று எதைக் காத்ததோ, அதையே இன்று இவ்விதிகள் காக்கின்றன. அன்று அண்டை வீட்டின் திரை. இன்று அண்டை வீட்டின் மூச்சு.

சாவாரின் பாடம்

வரம்பு மீறிய மாடியின் விலை என்னவென்பதை நம் தொழிலோடு போட்டியிடும் வங்கதேசம் கண்ணீரால் எழுதிக்காட்டியது. டாக்காவை அடுத்த சாவாரில் ‘ராணா பிளாசா’ என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. ஒன்பதாவது மாடி எழுந்துகொண்டிருந்தது. கடைகளுக்கென எழுப்பிய கட்டடத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. அனுமதி பெற்றதற்கு மேலும் தளங்கள் ஏற்றப்பட்டிருந்தன. மேல்தளங்களில் கனத்த ஜெனரேட்டர்கள் வைக்கப்பட்டிருந்தன. சுவரில் விரிசல் கண்டதும் கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிற்று. தையல் தொழிலாளிகளோ மறுநாள் காலை மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டனர். 2013 ஏப்ரல் 24 அன்று மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் உறுமின, கட்டடம் சரிந்தது. 1,134 உயிர்கள் மாண்டன. அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நம் வீட்டுப் பெண்களைப் போலவே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து குடும்பத்தைத் தாங்கியவர்கள்.

அடித்தளம் எத்தனை மாடிகளுக்கென இடப்பட்டதோ, அத்தனை மாடிகளையே அது தாங்கும். வரைபடத்தில் காட்டாத மாடியைப் பொறியாளர் கணக்கிட்டிருப்பதில்லை. தீயணைப்புத் துறையினர் அறிந்திருப்பதில்லை. காப்பீட்டு நிறுவனமும் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த மாடியில் வேலை செய்பவள் மட்டுமே அதனை நம்பி ஏறுகின்றாள்.

மன்னிப்பின் விலை

நம் மாநிலத்தில் வரம்பு மீறலுக்கு வேறொரு தீர்வு காணப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1998இல் 113-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டணம் செலுத்தினால் விதிமீறிய கட்டடங்கள் முறைப்படுத்தப்படும் என்றது அது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் உச்சநீதிமன்றம் 2000இல் அதனை ஏற்றது. ஆனால் அந்த ‘ஒரு முறை’ மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்புகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் செல்லாதவையாக்கியது. 2012இல் 113-இ என்ற மற்றொரு பிரிவு வந்தது.

வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டியவனின் துயரம் பொய்யன்று. வங்கிக் கடனும், ஆர்டர் தேதியும், வாடகை உயர்வும் நெருக்கும்போது மாடியின் மேல் மாடி ஏற்றுபவனை எளிதில் பழித்துவிடவும் இயலாது. விதிகள் எளியவனுக்குப் புரியும் மொழியில் இல்லை என்பதும், அனுமதி பெறும் வழி நெடியது என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் அரசுக்குச் செல்கின்றது. இழப்போ அண்டை வீட்டானுக்கு. வெளிச்சம் இழந்தவனும், புகை தின்பவனும், நெருப்பின்போது படியின்றித் தவிப்பவனும் அந்தப் பணத்தில் ஒரு காசும் பெறுவதில்லை. யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர் மன்னிக்காத ஒன்றை மூன்றாமவர் மன்னித்துவிட முடியுமா? மனித உரிமை என்ற கடனை அதற்குரியவரே மன்னிக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே, கம்பெனிக்கு மேலே ஒரு தளம் ஏற்ற எண்ணும் அன்பர்கள் நகரமைப்பு அலுவலரிடம் செல்லும் முன்னர் ஓர் அளவைத் தாமே எடுத்துப் பார்க்கலாம். அதற்கு அளவுநாடாவும் வேண்டியதில்லை. எழப்போகும் மாடியின் சாளரத்திலிருந்து அண்டை வீட்டு முற்றத்தையும், அண்டை வீட்டு முற்றத்திலிருந்து எழப்போகும் மாடியையும் ஒருமுறை நோக்கவேண்டும். அந்த வீட்டுக்கு வெயில் எவ்வளவு மிஞ்சும், தம் புகை எங்கே போகும், தீப்பிடித்தால் மேலே இருக்கும் பெண்பிள்ளை எவ்வழியே இறங்குவாள் என்று கேட்கவேண்டும். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு விதிநூலைத் திறந்தால், அதிலுள்ள எண்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.